எட்டு மணிப் பால்

என் அக்காவைப் பொறுமைசாலி என்று எல்லோரும் சொல்வார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினோரு வருடமாக வேலை செய்கிறாள். மூக்கில் அழுத்துகிறது, காதுக்குப் பின்னால் குத்துகிறது என்று வருகிறவர்களை உட்கார வைத்து, சட்டத்தின் முனையைச் சூடுகாட்டி நூலளவு வளைப்பாள். போட்டுப் பார்க்கச் சொல்வாள். மறுபடி கழற்றி மறுபடி வளைப்பாள். ஒரு பெரியவர் ஒன்பது முறை போட்டுக் கழற்றிவிட்டு, "முதல்ல இருந்ததே தேவலம்மா" என்றாராம். அப்போதும் அக்காவின் முகம் மாறியிருக்காது.

அந்தப் பொறுமை காலை எட்டு மணிக்கு மட்டும் அவளிடம் இருக்காது.

அவள் மகள் சுண்டுவுக்கு இரண்டரை வயது. பிறந்ததிலிருந்தே விழுங்க வராது. வயிற்றில் பொத்தான் போல ஒரு குழாய்வாய் பொருத்தியிருக்கிறார்கள். அதில் மெல்லிய குழாயை மாட்டி, நுனியில் பெரிய சிரிஞ்சைச் செருக வேண்டும். சிரிஞ்சின் உள்தண்டை எடுத்துவிட்டுப் புனல் மாதிரி பிடித்துக்கொண்டு ஊற்றினால் பால் தன்பாட்டில் இறங்கும். கையை உயரத் தூக்கினால் வேகமாகப் போய்விடும், தூக்கக் கூடாது. ஒரு வேளைப் பாலுக்கு நாற்பது நிமிடம்.

அக்காவின் பஸ் எட்டு முப்பத்தைந்துக்கு. கடைச் சாவி அவளிடம்தான் இருக்கும். திறக்கத் தாமதமானால் முதலாளி வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அதட்டமாட்டார். பார்ப்பார், அவ்வளவுதான். அத்தான் சரக்கு லாரி ஓட்டுகிறார், பத்து நாளைக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். சுண்டுவை ஏழரைக்கே எழுப்பிப் பார்த்தோம். தூக்கம் கலைந்த கோபத்தில் அழுது அழுதே ஓங்கரித்தாள்.

ஒருநாள் பஸ் போய்விடும் என்ற பதற்றத்தில் அக்கா உள்தண்டைச் செருகி அழுத்தினாள். ஏழு நிமிடத்தில் பால் முழுதும் உள்ளே போயிற்று. சுண்டு கண்ணை அகல விரித்து அவளைப் பார்த்தாள். மறுநாளும் அக்கா அழுத்தினாள். நான் பக்கத்தில் தலை வாரிக்கொண்டிருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

எட்டரைக்குக் கீழ்வீட்டம்மா வருவார். ஐம்பது தாண்டியவர், பிள்ளைகள் எல்லோரும் தனித்தனியாகப் போய்விட்டவர். நாங்கள் திரும்பும்வரை சுண்டு அவரிடம்தான். வேலைக்குக் கிளம்ப நானும் அக்காவும் செருப்பு மாட்டும்போது அவர் தன் பழைய மழைக்கோட்டை முன்பக்கம் பின்னாக மாட்டிக்கொள்வார். ஒன்பது மணிக்கு வாந்தி வரும் என்று அவருக்குத் தெரியும்.

"உன் பொண்ணு நியாயஸ்தி, கண்ணு," என்பார் அக்காவிடம். "பாதி என் மேல, பாதி சுவர் மேல. யாருக்கும் குறை வைக்கிறதில்ல."

இரண்டு மாதத்தில் சுண்டுவின் எடை ஏறவே இல்லை. ஆஸ்பத்திரியில் குழாய்ப் பிள்ளைகளைப் பார்க்கும் நர்ஸ், பதினான்கு நாள் குறித்துவரச் சொல்லி ஒரு நோட்டைக் கொடுத்தார். பால் கொடுத்த நேரம், எத்தனை நிமிடம், வாந்தி வந்த நேரம். தலைப்புகள் பள்ளியில் நான் படித்த ஆங்கிலத்தில் இருந்ததால், அக்கா சொல்ல நான் எழுதினேன்.

"எத்தனை நிமிஷம்னு போட?"

"நாப்பதுன்னு போடு," என்றாள், என்னைப் பார்க்காமல்.

போட்டேன். பதினான்கு நாளும் போட்டேன்.

நர்ஸிடம் போன அன்று கீழ்வீட்டம்மாவும் வந்தார். பஸ்ஸில் சுண்டுவை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள அவரைவிட்டால் ஆளில்லை. நர்ஸ் நோட்டை நிதானமாகப் படித்தார். பக்கத்தைத் திருப்பினார், திரும்ப முன்னால் போனார்.

"மத்தியானப் பால் நிக்குது. சாயங்காலம் நிக்குது. காலைல குடுக்கறது மட்டும் ஒன்பது மணிக்கு வெளிய வருது. ஆனா ரெண்டு ஞாயித்துக்கிழமையும் வாந்தியே இல்லையே. அன்னிக்குக் குழந்தை யார்கிட்ட?"

"நாங்கதான்," என்றாள் அக்கா. "எங்களுக்கு லீவு."

ஞாயிற்றுக்கிழமை பஸ் இல்லை. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, உள்தண்டு இல்லாமல், நாற்பது நிமிடம் கொடுப்பாள். அந்த அறையில் அது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

நர்ஸ் கீழ்வீட்டம்மாவைப் பார்த்தார். "பால் இறங்கினதும் படுக்க வெச்சிடறீங்களா?"

"இல்லம்மா. தோள்லதான் வெச்சிருப்பேன்."

"யோசிச்சுச் சொல்லுங்க. தப்புன்னு சொல்லல."

அப்போது அக்கா வாயைத் திறந்தாள். உண்மையைச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"சில நாள் துணி காயப்போடறப்ப பாயில விட்டிருப்பாங்க," என்றாள்.

கீழ்வீட்டம்மா மறுக்கவில்லை. சுண்டுவின் காலுறையை இழுத்துச் சரிசெய்தார். நர்ஸ் பொறுமையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, பால் குடித்த குழந்தையை ஒரு மணி நேரம் நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும் என்று அவருக்கு விளக்கினார். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அன்று இரண்டும் ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு அவர் துணி காயப்போடுவதை விட்டுவிட்டார். எனக்கு உடம்பு சரியில்லாத ஒருநாள் வீட்டில் இருந்து பார்த்தேன். முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்து, சுண்டுவை மார்போடு நிமிர்த்திப் பிடித்து, அரை மணி நேரம் அசையவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றேன். "குடிச்சா எழுந்து போகணும்மா," என்றார். அப்படியும் ஒன்பது மணிக்குச் சுண்டு கக்கினாள். அவர் சுவரைத் துடைத்தார், வேடிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை. அக்காவிடம் நான் இதைச் சொல்லவில்லை. சொன்னால் என்னையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை அவர் மேலே வந்தார். அக்கா சிரிஞ்சுகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டு மாற்றுச் சாவியை மேஜையில் வைத்தார்.

"வேற ஆள் பாத்துக்கோ கண்ணு. நானே விசாரிச்சுத் தரேன். என்கிட்ட ஏதோ சரியில்ல."

அக்கா தண்ணீர்க் குழாயைத் திறந்தபடியே விட்டிருந்தாள்.

"எப்படிப் பிடிச்சாலும் கக்குது. எங்க வீட்டுக்காரர் சிரிக்கிறாரு, நாலு பெத்தவளுக்கு நர்ஸம்மா பாடம் எடுக்குதான்னு. நானும் சிரிச்சேன். ஆனா புள்ள எடை ஏறலையே. அது சிரிக்கிற விஷயமா?"

அக்கா அவரைப் பேசவிட்டாள். நானும் விட்டேன்.

"படுக்க வெச்சதே இல்லன்னுதான் நினைச்சுட்டிருந்தேன்," என்றார் அவர். "இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. வெச்சிருப்பேன் போல. வயசாகுதுல்ல. நீ கண்ணால பாத்ததால தானே அன்னிக்குச் சொன்ன."

அக்கா தண்ணீர்க் குழாயை மூடினாள்.

"நீங்க படுக்க வைக்கல. நான் பாக்கவும் இல்ல. பொய் சொன்னேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். உள்தண்டு, ஏழு நிமிடம், பஸ், ஞாயிற்றுக்கிழமை, நோட்டில் எழுதச் சொன்ன நாற்பது. "எழுதினது நான்," என்றேன்.

கீழ்வீட்டம்மா கேட்டார்: "எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா."

"எட்டு மணிக்கே வான்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"ஏற்கெனவே உங்களை ரொம்பப் படுத்தறோம்னு..."

"கேக்கறதுக்குக் கூச்சமா இருந்துச்சு. பழி போடறதுக்கு இல்ல."

சாவியை எடுக்காமல் இறங்கிப் போனார். அக்கா மேஜையைத் துடைத்தாள், சாவி இருந்த இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு.

மறுநாள் காலை ஏழு ஐம்பதுக்குக் கதவு தட்டப்பட்டது. அவர் நேராகச் சுண்டுவிடம் போய், அவளை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, சிரிஞ்சுக்குக் கையை நீட்டினார்.

"நான் பாத்துக்கறேன். நீங்க அந்த நர்ஸம்மாவுக்குப் போன் போடுங்க. நான் கேக்கற மாதிரி."

அக்காவை அவர் ஒருநாளும் நீங்க என்றதில்லை.

அக்கா போன் செய்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒன்றையும் மழுப்பாமல் சொன்னாள்.

"அடுத்த வாரம் டாக்டர்கிட்ட குழாயை வயித்துல இருந்து குடலுக்கே மாத்தறதைப் பத்திப் பேசறதா இருந்தேன்," என்றார் நர்ஸ். "இந்த நோட்டை நம்பித்தான்." பிறகு, "அவங்க அங்க இருக்காங்களா?" என்றார்.

அக்கா போனைக் கீழ்வீட்டம்மாவின் காதருகே பிடித்தாள். அவருக்கு இரண்டு கையிலும் வேலை.

"அன்னிக்கு உங்களை அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா," என்றார் நர்ஸ்.

"நீங்க என்ன பண்ணுவீங்க, எழுதியிருந்ததைத்தானே படிச்சீங்க," என்றார் அவர். கண் சிரிஞ்சில்தான் இருந்தது. பால் துளித்துளியாக இறங்கிக்கொண்டிருந்தது.

எட்டு முப்பத்தைந்து பஸ் போயிற்று. அக்கா முதலாளிக்குப் போன் செய்து தாமதமாகும் என்றாள், காரணம் கேட்டபோது குழந்தைக்குப் பால் கொடுக்கிறோம் என்றாள். எட்டு நாற்பத்திரண்டுக்குச் சிரிஞ்ச் காலியாயிற்று. ஒன்பது மணி ஆயிற்று, ஒன்பது ஐந்தும் ஆயிற்று. சுண்டு ஒரு ஏப்பம் விட்டு, கீழ்வீட்டம்மாவின் வளையலைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தாள்.

அக்கா குழந்தையை வாங்கக் கைகளை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை.

"இன்னும் அரை மணி நேரம் ஆகணும்," என்றார். "நிமித்தி வெச்சிருக்கணும்னு சொல்லியிருக்காங்க."