நல்லாயிருக்கீங்களா? எண் ஒன்றை அழுத்தவும்

போன செவ்வாய்க்கிழமை காலை மெகர் போன் செய்தாள்.

"ஏடி, நாலு நாளா கடைக்கு ஒரு போன்கூட வரலடி. என்னத்தடி செஞ்சு வச்ச?"

நியாயமான கேள்விதான். அதற்கு நான் சொன்ன பதில் — "வரும், பொறு." தன்னம்பிக்கை எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு அது புதுச் செய்தி இல்லை.

மெகர் என் கல்லூரித் தோழி. அவள் கணவர் ஜாகிர் அண்ணன் கோரிப்பாளையத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கிணற்று மோட்டார், போர் மோட்டார், எது எரிந்தாலும் அவரிடம்தான் வரும். கொட்டாம்பட்டியிலிருந்து டி. கல்லுப்பட்டி வரைக்கும் விவசாயிகள் அவரை விட்டால் வேறு ஆளைத் தேட மாட்டார்கள். கடையில் போன் எடுப்பது, ஆரம்பத்திலிருந்தே, மெகர்.

பங்குனி பிறந்தால் அந்த மேஜையைப் பார்க்க வேண்டுமே... ஒரு காதில் ஒரு மொபைல், மறு காதில் இன்னொன்று, எதிரே எரிந்த மோட்டாரோடு ஒருவர். மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் பதில் சொல்வாள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியுமா? சிறு கடைகளுக்கான போன் சிஸ்டம் ஒன்றை நெட்டில் தேடிப் பிடித்தேன்.

பெட்டியும் கிடையாது, ஒயரும் கிடையாது. கடையின் பழைய நம்பர் அப்படியே இருக்கும். கூப்பிட்டால் ஒரு குரல் வணக்கம் சொல்லும். ரிப்பேருக்கு ஒன்றை அழுத்தினால் ஜாகிர் அண்ணன் மொபைல் அடிக்கும். புது மோட்டாருக்கு இரண்டு — மெகர். மற்ற விஷயங்களுக்கு மூன்று — பட்டறை மேஸ்திரி. ஒருவர் பேசிக்கொண்டிருந்தால் அழைப்பு தானாக அடுத்தவருக்குத் தாவும். எதையுமே அழுத்தாவிட்டால், வாடிக்கையாளர் தொடக்கத்திலிருந்து பேசியதையெல்லாம் பதிவு செய்து, 'கிடைத்தது, நன்றி' என்று சொல்லி, மின்னஞ்சலில் அனுப்பிவிடும். மெகர் மின்னஞ்சல் பார்க்கிற ஆள் இல்லை என்பதால் அந்தக் கட்டத்தில் என் முகவரியைப் போட்டேன். போட்டதை அன்றைக்கே மறந்தும் போனேன்.

குரல்தான் பிரச்சினை. கம்பெனி கொடுத்த குரலைக் கேட்ட ஜாகிர் அண்ணன், ஏதோ ஏர்போர்ட்டில் நிற்பது மாதிரி இருக்கிறது என்று முகம் சுளித்தார். சரி, மெகரே பேசட்டும் என்றேன். எழுதிக் கொடுத்ததைத்தான் படித்தாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் 'வணக்கம்' சொன்ன கையோடு அவள் நாக்கு தானாக 'நல்லாயிருக்கீங்களா?' என்று சேர்த்துக்கொண்டது. ஒன்பது தடவை திருத்தினேன். பத்தாவது தடவை விட்டுவிட்டேன். கேட்க அழகாகத்தானே இருக்கிறது!

"வணக்கம். நல்லாயிருக்கீங்களா? ரிப்பேருக்கு எண் ஒன்றை அழுத்தவும்..."

வெள்ளிக்கிழமை மதியம் சிஸ்டத்தை ஆன் செய்தோம். செவ்வாய்க்கிழமை காலை, மெகர் கேட்டாளே அந்தக் கேள்வி.

கடைக்குப் போய் என் போனிலிருந்து அடித்துப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, எல்லாம் கச்சிதம். பிறகு ஏன் யாருமே கூப்பிடவில்லை? பங்குனி வெயிலில் மோட்டார் எரியாமல் இருக்குமா? இந்த இரண்டு மாதத்து வேலையில்தான் எங்களுக்கு வருஷமே ஓடுகிறது என்றாள் மெகர். ஜாகிர் அண்ணன் சுத்தமாக இருந்த மேஜையை மறுபடி துடைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

அப்போது டி. கல்லுப்பட்டியிலிருந்து ஒருவர் கோபமாக உள்ளே வந்தார். சனிக்கிழமையே போனில் சொன்னேனே, ஏன் ஆள் அனுப்பவில்லை என்று கேட்டார். மெகரிடமே சொன்னாராம். மெகர் சத்தியம் செய்யாத குறையாக மறுத்தாள். எனக்குத்தான் அந்த மின்னஞ்சல் கட்டம் ஞாபகம் வந்தது. மின்னஞ்சலைத் திறந்தேன். புடவைத் தள்ளுபடி விளம்பரங்களுக்கு நடுவில் முப்பத்தொரு குரல் பதிவுகள் கிடந்தன.

ஸ்பீக்கரில் போட்டோம். முதல் ஆள், "நல்லாருக்கேன் பாயம்மா, நீங்க எப்புடி?" என்றார். அடுத்தவர் தன் முழங்கால் வலியை விவரித்தார். இன்னொருவர் மகளின் வளைகாப்புக்கு அழைத்தார். பின்னணியில் மெகரின் குரல் பாட்டுக்கு 'இரண்டை அழுத்தவும், மூன்றை அழுத்தவும்' என்று ஓடிக்கொண்டிருந்தது.

தெரிந்த குரல் நலம் விசாரிக்கிறது. பதில் சொல்லாமல் பட்டனை அழுத்த நம் ஊரில் யாருக்கு மனசு வரும்? எண்களையெல்லாம் அவள் கடையில் நிற்கும் வேறு யாருக்கோ சொல்கிறாள் என்று நினைத்திருக்கிறார்கள். அவள்தான் எப்போதும் மூன்று பேரிடம் பேசுகிறவள் ஆயிற்றே! சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்ததும், கடைசியில் மெகர் குரலிலேயே 'கிடைத்தது, நன்றி' என்று வந்திருக்கிறது. நிம்மதியாகப் போனை வைத்துவிட்டார்கள்.

நாங்கள் சிரிக்க ஆரம்பித்திருந்தோம். இருபதாவது பதிவோ என்னவோ, கொட்டாம்பட்டிப் பக்கத்துப் பாண்டியம்மாள். சனிக்கிழமை பேசியது. மோட்டார் ஓடவில்லை, கடலை காய் பிடிக்கிற நேரம், பாயை வரச் சொல்லு என்றார். அடுத்து ஞாயிற்றுக்கிழமையும் அவர்தான். காலையிலிருந்து ரோட்டிலேயே நிற்கிறேன் என்றார். திங்கட்கிழமையும் அவரேதான். மெதுவாகக் கேட்டார்.

"என்ன பாயம்மா... எம்மேல எதும் கோவமா?"

மெகர் அழுதுவிட்டாள். மற்றவர்களையெல்லாம் வரிசையாகக் கூப்பிடச் சொல்லி போனை அவளிடம் கொடுத்துவிட்டு, ஜாகிர் அண்ணன் ஸ்பேர் மோட்டார் ஒன்றை லோடு வேனில் ஏற்றினார். பழியை நேரில் ஏற்க நானும் ஏறிக்கொண்டேன்.

பாண்டியம்மாள் ஐம்பதை நெருங்குபவர். அவர் பெற்றோர் காலமெல்லாம் அடுத்தவர் காட்டில் களையெடுத்தவர்கள். இந்த ஒன்றரை ஏக்கரும் கிணறும் அந்தக் குடும்பத்தின் முதல் சொந்த நிலம். கடலைச் செடி இலை மடங்கிக் கிடந்தது. தெற்கு ஓரம் கருகியே விட்டது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்குக் கூசியது.

வேறு மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்டேன்.

"பாயம்மாட்ட சொல்லிட்டேன்ல. சொல்லிப்புட்டு இன்னொரு ஆளக் கூப்புட்டா நல்லாவா இருக்கும்?"

மூன்று நாள் வாடும் செடியைப் பார்த்துக்கொண்டு, கொடுத்த சொல்லுக்காகக் காத்திருந்திருக்கிறார். நானோ அந்தச் சொல்லைப் புடவை விளம்பரத்துக்கு அடியில் போட்டு வைத்திருந்தேன்.

ஜாகிர் அண்ணனும் பக்கத்துத் தோட்டத்து ஆட்களும் எரிந்த மோட்டாரைத் தூக்கி ஸ்பேரை இறக்கினார்கள். பொழுது சாய்வதற்குள் வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. மற்ற செடியெல்லாம் தேறிவிடும் என்று பாண்டியம்மாளே மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டுச் சொன்னார். அதன் பிறகுதான் எனக்கு வாய் வந்தது. உங்களிடம் பேசியது மெகர் இல்லையக்கா, மிஷின், அதை வைத்தவள் நான் என்று ஒப்புக்கொண்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "மிசினுன்னா, அது எதுக்கு நல்லாருக்கீங்களான்னு கேக்குது?"

இருபது வருஷமாக எழுதுகிறேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

கிணற்று மேட்டில் உட்கார்ந்தபடியே மொபைலில் செட்டிங்கை மாற்றினேன். எதையும் அழுத்தாவிட்டால் இனிமேல் மூன்று போனும் ஒரே நேரத்தில் அடிக்கும். யாருமே எடுக்காவிட்டால் மட்டும் பதிவு. அதுவும் மெகரின் மொபைலுக்கே போகும். நலம் விசாரிப்பை வெட்டி எடுத்துவிட்டேன். கேட்டால் பதிலைக் காதில் வாங்க ஒரு ஆள் இருக்க வேண்டும் இல்லையா? சிஸ்டத்தை மட்டும் தூக்கவில்லை. அது நல்ல சிஸ்டம்தான். அதில் எனக்கு இப்போதும் சந்தேகம் கிடையாது.

ஒரு டெஸ்ட் கால் போடச் சொன்னேன் பாண்டியம்மாளிடம். தயக்கத்தோடு போட்டார். எதையும் அழுத்தவில்லை. மெகர் எடுத்தாள். நான் இருந்த இடம் வரைக்கும் அவள் விசும்பல் கேட்டது. பாண்டியம்மாள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு வரப்பில் தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

டெஸ்ட் காலுக்குப் பத்து விநாடி போதும். இருவரும் நாற்பது நிமிஷம் பேசினார்கள். மெகர் போன் பிஸி. எனக்கு ஆட்சேபணை இல்லை.