அம்மை வீட்டு ஜன்னலில் ஒரு புதுப் பாட்டு

பச்சை வேப்பிலையையும் மஞ்சளையும் சேர்த்து அரைக்கும்போது கசப்பும் குளிர்ச்சியுமாக ஒரு வாசனை எழும். அந்த வாசனை மூக்கில் பட்டால் போதும், ஒரு சினிமாப் பாட்டின் மெட்டு என் காதுக்குள் தானாக ஓட ஆரம்பித்துவிடும். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று என் பிள்ளைகள் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே உங்களுக்கும் எழுதுகிறேன், பிள்ளைகளே.

தொண்ணூறுகளின் நடுவில், நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில், எனக்கு அம்மை போட்டது. எங்கள் மதுரைப் பக்கம் அதை நோய் என்று சொல்ல மாட்டார்கள். "ஆத்தா வந்திருக்கா" என்பார்கள். வந்தவளை மரியாதையாக வைத்திருந்து மரியாதையாக அனுப்பி வைக்க வேண்டும் என்பதால், அவள் கிளம்புகிறவரை வீட்டின் சட்டங்களே மாறிவிடும். வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருக்கும், அதைக் கண்டால் வெளி ஆட்கள் உள்ளே வர மாட்டார்கள். அடுப்பில் தாளிக்கக் கூடாது, தலையில் சீப்புப் படக் கூடாது, கண்ணாடி பார்க்கக் கூடாது, சினிமாப் பாட்டு கூடவே கூடாது. "ஆத்தா இருக்க வீட்ல கூத்தடிச்சா கோவிச்சுக்கிருவா" என்பாள் அம்மா.

எங்கள் வீடு வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில், ஒன்றோடொன்று ஒட்டி நின்ற "லைன் வீடு"களில் ஒன்று. ஓர் அறை, ஓர் அடுப்படி, அவ்வளவுதான். அந்த அறையில் வெள்ளை வேட்டியை விரித்து, அதன்மேல் வேப்பிலையைப் பரப்பி என்னைப் படுக்கவைத்திருந்தார்கள். சந்தைப் பார்த்த ஒரே ஜன்னலின் கீழ்க்கதவுகள் இரண்டையும் அம்மா சாத்திவிட்டு, மேலே ஒரு கதவை மட்டும் திறந்து வைத்திருந்தாள். அதன் வழியே தெரிந்தது எதிர்வீட்டுச் சுவரும் அதன்மேல் தொங்கிய கேபிள் ஒயரும்தான். உடம்பெல்லாம் அரிக்கும், சொரிந்தால் தழும்பாகிவிடும் என்பதால் வேப்பிலைக் கொத்தால் தடவிக்கொண்டு, சுவரில் வெயில் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே கிடக்க வேண்டும்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. என் இடது கண்ணிமையின் மேலேயே ஒரு முத்து எழும்பியிருந்தது. அம்மைக் கொப்புளத்துக்கு எங்கள் ஊரில் முத்து என்றுதான் பெயர். அதைப் பார்த்ததிலிருந்து அம்மா பேச்சைக் குறைத்துவிட்டாள். காரணம், அவளுடைய தம்பி சேகர் மாமா. சின்ன வயதில் பெரியம்மை வந்து அவருக்கு ஒரு கண் போய்விட்டது. எப்படிப் போனது என்று நான் கேட்கும்போதெல்லாம், "சொல்பேச்சுக் கேட்டு இருக்கணும்டா" என்று அம்மா பேச்சை முடித்துவிடுவாள். அம்மாவும் மாமாவும் வளர்ந்த வீட்டில் அப்போது யாரோ எதையோ மீறியிருக்கிறார்கள், அதனால்தான் கண் போயிற்று என்று நானாக முடிவு செய்துகொண்டேன். ஆகவே சட்டங்கள் எல்லாவற்றையும் நானும் நடுங்கிக்கொண்டேதான் காப்பாற்றினேன்.

அந்த மாமாதான் எங்கள் சந்து முனையில் "ரெக்கார்டிங் சென்டர்" வைத்திருந்தார். உங்களுக்கு அது தெரிந்திருக்காது. வேண்டிய பாட்டுகளைச் சொன்னால் காலி கேசட்டில் பதிந்து கொடுக்கிற கடை அது. அந்தக் காலத்தில் பெரிய நடிகரின் படம் வருவதற்கு முன்பே அதன் பாட்டுக் கேசட் தனியாக வந்துவிடும். அது வந்து இறங்குகிற நாள் எங்கள் சந்துக்கு ஒரு திருவிழா. டீக்கடை, சலூன், தனியார் டவுன் பஸ் என்று எங்கே திரும்பினாலும் காலையிலிருந்து அதே பாட்டுகள்தான் ஓடும். பையன்கள் எல்லாரும் மாமா கடை ஸ்பீக்கருக்கு முன்னால் நின்று, பொழுது சாய்வதற்குள் அத்தனையையும் மனப்பாடம் செய்துவிடுவோம். மறுநாள் வார்த்தை தெரியாமல் முழிக்கிறவனை எந்த விளையாட்டிலும் சேர்க்க மாட்டார்கள்.

அப்படி ஒரு நாள் அந்தக் கோடையில் வந்தபோது, நான் உள்ளே கிடந்தேன்.

முதலில் டீக்கடைப் பக்கமிருந்து ஒரு புல்லாங்குழல் வந்தது. அப்புறம் பாடகரின் குரல் இரண்டு வரி. மூன்றாவது வரியில் ஒரு பஸ் ஹார்ன் அடித்துப் போனது. அது ஓய்வதற்குள் சலூன்காரர் அதே பாட்டை நடுவிலிருந்து போட்டுவிட, டீக்கடையின் தொடக்கமும் சலூனின் முடிவும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. நடுவில் கீரைக்காரம்மா கூவினாள். பாட்டின் தலை கிடைத்தது, வால் கிடைத்தது, உடம்பு எப்படியிருக்கும் என்று தெரியவேயில்லை.

"இன்னொரு கதவையும் தெறந்து விடும்மா" என்றேன்.

"வெளிச்சம் கண்ணுல படக்கூடாது" என்றாள் அம்மா. பாட்டுச் சத்தம் கூடக் கூட அவளுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். திறந்திருந்த அந்த ஒரு கதவையும் சாத்திவிட்டாள். அதன்பின் இருட்டும் புழுக்கமும் சுவர் வழியாக வரும் "தும் தும்" என்ற அதிர்வும்தான் மிச்சம். ஊர் முழுக்கக் கேட்கிற பாட்டு எனக்கு மட்டும் யாரோ பக்கத்து வீட்டில் உலக்கை குத்துகிற மாதிரி கேட்டது.

கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே என் கூட்டாளி செல்வத்தின் குரல். "டேய், பாட்டக் கேட்டியாடா? செமையா இருக்குடா. ஒனக்கு எப்ப தண்ணி ஊத்துறாக?"

வேப்பிலைத் தண்ணீரில் தலைக்கு ஊற்றிவிட்டால்தான் ஆத்தா கிளம்பிவிட்டாள் என்று அர்த்தம். "தெரியலடா" என்றேன்.

"போடா, நீ வர்றதுக்குள்ள இது பழைய பாட்டாயிரும்" என்று சொல்லிவிட்டு அவன் ஓடிப்போனான்.

எனக்கு அழுகை வந்தது. அதற்கும் வழியில்லை. கண்ணீர் பட்டால் இமை முத்து உடைந்துவிடும் என்று அம்மா சொல்லியிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தேன்.

மத்தியானம் தாண்டியதும் கரண்ட் போனது. டீக்கடை, சலூன் எல்லாம் ஒரே நொடியில் அடங்கி, சந்தே காலியானது போல இருந்தது. அந்த அமைதியில் ஜன்னலை யாரோ விரலால் தட்டினார்கள்.

"அக்கா" என்றார் சேகர் மாமா வெளியிலிருந்து.

அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள். "சினிமாப் பாட்டுன்னு எதையாச்சும் தூக்கிக்கிட்டு இந்தப் பக்கம் வந்த, வெளக்கமாறு பிஞ்சிரும் பாத்துக்க."

"கரண்டே இல்லக்கா. கேசட்ட வச்சு விசிறவா செய்வாக? ஆத்தாவுக்கு ஒரு தாலாட்டுப் பாடிட்டுப் போலாம்னு வந்தேன்."

"என்ன தாலாட்டு?"

"புதுசுக்கா. மாப்ள, முழிச்சிருக்கியா?"

அம்மை கண்ட வீட்டில் மாரியாத்தா தாலாட்டுப் பாடுவது வழக்கந்தான், அதைத் தடுக்க அம்மாவிடம் காரணம் இல்லை. மாமா ஜன்னல் பலகையில் தாளம் தட்டி, புல்லாங்குழலுக்குப் பதிலாகச் சீட்டியடித்து ஆரம்பித்தார்.

"வேப்பில விசிறியெடுத்து வீதியெல்லாம் வாராளே, தெப்பக்குளத் தண்ணியில தேகங்குளிர வாராளே" என்று இரண்டு வரி போனதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதே மெட்டு. திருவிழாக் காலத்தில் கோயில் பாட்டுக்காரர்கள் சினிமா மெட்டுக்கு அம்மன் வார்த்தை கட்டி மாமா கடையில்தான் பதிவார்கள், அவருக்கு அந்த வித்தை கைவந்திருந்தது. பஸ் ஹார்ன் விழுங்கிய மூன்றாவது வரி, கீரைக்காரம்மா கூவியதில் போன சரணம், எதையும் விடாமல் முழுப் பாட்டையும் ஆத்தாவின் பெயரால் பாடி முடித்தார்.

அம்மா ஜன்னலருகே வந்தாள். பிறகு எட்டி, சாத்தி வைத்திருந்த மேற்கதவுகள் இரண்டையும் திறந்தாள். கம்பிகளுக்கு அந்தப் பக்கம் மாமாவின் முகம் வேர்த்து நின்றது.

"இன்னொருக்காப் பாடு" என்றாள் அம்மா. "ஆத்தாவுக்கு."

கரண்ட் வருகிறவரை மாமா பாடிக்கொண்டேயிருந்தார்.

பிறகு இமை முத்து உலர்ந்து உதிர்ந்தது; கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் ஊற்றி வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது, அது கல்லூரிப் பெண்ணுக்காக பஸ் நிறுத்தத்தில் காத்துக் கிடக்கிறவன் பாடுகிற பாட்டு. பஸ் வந்த இடத்தில் மாமா தேரை ஓட்டியிருக்கிறார். அதைப் பாடப்போனால் என் வாயில் மாமாவின் வேப்பிலை வரிதான் முதலில் வரும். செல்வம் என்னை ரொம்ப நாள் "சாமியாடி" என்றே கூப்பிட்டான்.

இப்போது சந்தில் ரெக்கார்டிங் சென்டர் இல்லை. பாட்டு வந்து இறங்குகிற நாள் என்று ஒன்றும் இல்லை. ஒருவன் காதுக்குள் கேட்பது அடுத்தவனுக்குத் தெரிவதில்லை. சமீபத்தில் அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒத்தக்கடைக்கு மாமாவின் புது வீட்டைப் பார்க்க பஸ்ஸில் போனேன். ரேடியோவில் ஒரு பெண், இதே தேதியில் இசை உலகில் நடந்தவற்றை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். எந்த நாட்டிலோ ஒரு பாடகர் பிறந்தது, எங்கேயோ ஒரு பெரிய கச்சேரி, கடைசியில் எங்கள் பாட்டு வெளிவந்த நாளும் இதுதான் என்று சொல்லி அதைப் போட்டாள். நான் என்னையறியாமல் "வேப்பில விசிறியெடுத்து" என்று பாட ஆரம்பித்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். முன் சீட்டில் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அம்மா, அது சினிமாப் பாட்டும்மா" என்றேன்.

"அன்னைக்கே தெரியும். காலையிலருந்து டீக்கடையில அதத்தான அலற விட்டான்."

"அப்பறம் ஏம்மா பாட விட்ட?"

அம்மா வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஒன் மாமனுக்கு அம்ம கண்டப்ப எல்லாம் ஒழுங்காத்தான் செஞ்சோம். தாளிக்கல, சத்தமில்ல, ஒரு சனத்த உள்ள விடல. அம்புட்டும் செஞ்சுந்தான் கண்ணு போச்சு. இருட்டுக்குள்ள கெடந்து, யாராச்சும் ஒரு பாட்டுப் பாடுங்கன்னு கேட்டுக்கிட்டே கெடந்தான். நாங்க பாடல."

பஸ் ஒத்தக்கடையில் நின்றது. வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, அந்த ஒற்றைக் கண்ணால் ஒவ்வொரு ஜன்னலாகத் தேடிக்கொண்டிருந்தார் மாமா.