உளுந்து போட்ட கொடிக்கம்பு

உளுந்துப் பையைக் கத்தரித்து டப்பாவுக்குள் கொட்டும்போது ஒரு சத்தம் வரும், கேட்டிருப்பீர்கள். எங்கோ தூரத்தில் மழை தொடங்குவது போல ஒரு சரசரப்பு. நேற்றுக் காலை அப்படிக் கொட்டியபோது என் தோள்கள் இரண்டும் தாமாகவே காதுவரை உயர்ந்துவிட்டன. தோசைக்கு ஊறப்போடும் சாமானைக் கண்டு நடுங்குகிறவள் லண்டன் ரெய்னர்ஸ் லேனில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சிரியுங்கள், பரவாயில்லை. எனக்குப் பன்னிரண்டு வயதில் நடந்ததைச் சொன்னால் பாதிச் சிரிப்போடு நிறுத்திக்கொள்வீர்கள்.

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அப்போது ஒரு கொடி அணி இருந்தது. மேளத்துக்கு ஏற்ப நடந்துகொண்டே, ஆளுயரக் கம்பில் கட்டிய பட்டுக் கொடியைச் சுழற்ற வேண்டும், மேலே எறிந்து பிடிக்க வேண்டும். அதைத் தொடங்கியவர் செல்வி ரீச்சர். மலேசியாக்காரர், அங்கே பள்ளி பாண்டு அணியில் கொடி சுழற்றியவர், இங்கே படிக்க வந்து கணக்காளராகித் தங்கிவிட்டார். கணக்காளர் புத்தி கம்பிலும் தெரியும். குழாய்ச் சாமான் விற்கும் கடைக்கு எங்களைக் கூட்டிப்போய், ஒவ்வொரு பிளாஸ்டிக் குழாயையும் தரையில் உருட்டிப் பார்ப்பார். துள்ளித் துள்ளி உருண்டால் அது வளைந்த குழாய், வேண்டாம். கடைக்காரர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

கொடி கட்டிய தலைப்பக்கம் கனக்கும் அல்லவா? அதற்கு ஈடாக அடிப்பக்கத்துக்குள் தடித்த போல்ட்டுகளைப் போட்டு, அசையாதபடி துணி அடைத்து, கைத்தடிக்குப் போடுகிற ரப்பர் மூடியால் மூடி, டேப் சுற்றுவோம். பிறகு ரீச்சர் கம்பை ஒற்றை விரலில் கிடத்துவார்.

"நடுவுல நிக்குதா? அப்பதான் நம்ம கைக்குத் திரும்பி வரும். உள்ளுக்கு ஏதாச்சும் அசஞ்சா, யார் மூஞ்சிக்குப் போவும்னு சொல்ல முடியாது."

யார் மூஞ்சி என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. நான் எறிவதை எதிரே நிற்கும் துஷா பிடிக்க வேண்டும். அதே நொடியில் அவள் எறிவதை நான் பிடிக்க வேண்டும். துஷா என் உயிர்த் தோழி, தடித்த கண்ணாடி போட்டவள். கம்பு என் கையை விட்டுப் போனதும் கண்ணை மூடிக்கொள்வேன். அவள் கண்ணாடி உடைகிற சத்தத்தைக் கனவில் பலமுறை கேட்டிருக்கிறேன்.

என்னையும் விடப் பயந்த ஒருவர் வீட்டில் இருந்தார். மேலேயிருந்து எது வந்தாலும் அம்மாவுக்குக் குலை நடுங்கும். நோர்த்தோல்ட் விமானத்தளத்துப் பக்கம் விமானம் தாழப் பறந்தால் கையில் இருப்பதை வைத்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்குவார். யாழ்ப்பாணத்தில் குண்டுக்குப் பயந்து பதுங்குகுழிக்கு ஓடிய உடம்பு அது. நான் பழகுவதற்காகக் கொண்டுவந்த கம்பைத் தூக்கிப் பார்த்தவர் அடியில் தட்டினார்.

"இதென்னடி, உள்ளுக்கு இரும்பே? மண்டையில விழுந்தா ஆர் பதில் சொல்றது?"

"பிடிச்சிடுவம் அம்மா."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்தால் ஏதோ செய்யப்போகிறார் என்று அர்த்தம். அந்த வயதில் எனக்கு அது பிடிபடவில்லை.

பள்ளி விளையாட்டுப் போட்டியன்று புல்லெல்லாம் ஈரம். ரோல்ஸ் பொரிக்கும் வாசனை மைதானம் முழுக்க. வரிசையில் நின்று கம்பைத் தோளில் சாய்த்தேன். உள்ளே ஏதோ சரசரவென்று ஓடியது. மறுபக்கம் சாய்த்தேன். திரும்பி ஓடி வந்தது. மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு அப்பால், கைக்கெட்டும் தூரத்தில் அம்மா நின்றார்.

"அம்மா, கம்புக்குள்ள என்ன?"

"இரும்பைக் கழட்டிப்போட்டு உளுந்து போட்டிருக்கிறன். தராசில வச்சு அதே நிறை பாத்துத்தான் போட்டனான். விழுந்தாலும் நோகாது. பயப்பிடாதை, பிள்ளை."

நிறை சரிதான், ஆனால் அது ஓரிடத்தில் நிற்காத நிறை. ரீச்சரைக் கூப்பிட வாயெடுத்தேன். மேளம் என் குரலை விழுங்கிவிட்டது, வரிசை நகர்ந்துவிட்டது. எறியாமல் விடலாம் என்றால், துஷாவின் கம்பைப் பிடிக்கக் கை காலியாக இருக்க வேண்டுமே. கால்கள் அவை பாட்டுக்கு நடந்தன. துஷா எதிரே நின்று சிரித்தாள். எறிவதற்கான அடி மேளத்தில் விழுந்தது. எறிந்தேன்.

மேலே போகும்போதே உளுந்து முழுவதும் தலைப்பக்கம் ஓடியது. சுழல வேண்டிய கம்பு சுழலாமல் பாதியில் கவிழ்ந்து, துஷாவின் முகத்துக்கு நேரே குத்திட்டு வந்தது. அவள் கையை நீட்டியபடி நின்றாள். எனக்குக் குரல் வரவில்லை.

குரல் கயிற்றுக்கு அப்பால் நின்ற அம்மாவிடமிருந்து வந்தது. "விழுந்து படுங்கோ!"

துஷா விழுந்தாள். லண்டனில் பிறந்தவள்தான். ஆனால் எங்கள் வீடுகளில் அந்தத் தொனிக்குக் காரணம் கேட்டு நிற்கும் பிள்ளை கிடையாது. நானும் விழுந்தேன். கம்பு அவளைத் தாண்டி, ஒரு சாண் பின்னால் ஈர மண்ணில் குத்திச் சாய்ந்தது. மூடி கழன்று உளுந்து சிதறியது. அவள் எறிந்த கம்பு, ரீச்சர் நிறை பார்த்த கம்பு, சொல்லிவைத்தபடி என் இடத்துக்கே வந்து என் முதுகில் விழுந்தது.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். அம்மா காதைப் பொத்திக்கொண்டு புல்லில் குப்புறக் கிடந்தார். பக்கத்தில் துஷாவின் தாய். ரோல்ஸ் பொரித்தவர் அகப்பையோடு கிடந்தார். பட்டுச் சேலைகளும் குளிர்க் கோட்டுகளுமாக ஒரு வரிசையே தரையில் கிடந்தது. செல்வி ரீச்சர் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

"என்னாம்மா ஆச்சு எல்லாருக்கும்?" என்றார். எல்லோரும் எழுந்து உடுப்பைத் தட்டிக்கொண்டார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. வீடு திரும்பும்போது அம்மா, "இரும்பெண்டா என்ன நடந்திருக்கும் எண்டு யோசிச்சுப் பார்" என்று பஸ்ஸில் சொன்னார்.

கொடி அணி அந்த வருடத்தோடு நின்றுபோயிற்று. மைதானத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். அம்மா என்னோடுதான் இருக்கிறார், ஞாபகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. போன வாரம் பல்பு மாற்ற ஏணியில் ஏறினேன். உச்சிப்படியில் நின்றபோது ஏணி ஆடியது. கீழே கதிரையில் அம்மா உட்கார்ந்திருந்தார். "இறங்கடி, விழப்போறாய்" என்று கத்துவார் என்று காத்து நின்றேன். அம்மா அண்ணாந்து பார்த்து, நல்லாயிருக்கு என்பது போலச் சிரித்தார்.

அன்று மைதானத்தில்கூட நான் அப்படிப் பயந்ததில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல நானே இறங்கினேன்.