பதில் பாட இடம்

தொண்டையில் ஆபரேஷன் என்று நாள் குறித்த வாரத்தில், என் மனைவியின் குரலை ஒரு பாட்டாகவாவது பதிவு செய்து வைத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். தைராய்டு கட்டி. எடுத்த பிறகு குரல் பழையபடி இருக்குமா என்று கேட்டதற்கு டாக்டர் உறுதி எதுவும் சொல்லவில்லை. எங்கள் மாதா கோவிலில் பல வருடமாக முதல் வரி எடுத்துக் கொடுப்பவள் அவள்தான்.

பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கக் கத்திவிட்டு வந்து, இசை வாசிக்கும் மிடி கீபோர்டைக் கம்ப்யூட்டரில் சொருகுவதற்குள் எனக்கு உயிர் போய்விடும். பழைய கம்ப்யூட்டர். கட்டையை அமுக்கினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் வயலின் சத்தம் வரும். மைக்கில் காற்று இரையும் என்று ஃபேனை வேறு நிறுத்த வேண்டும். திண்டுக்கல் வெயிலில் ஃபேன் இல்லாமல் பக்தி எங்கே வரும், எரிச்சல்தான் வரும். போதாக்குறைக்குத் தெருவில் நத்தம் மாம்பழம் என்று மைக் கட்டிக் கூவிக்கொண்டு ஒரு வண்டி.

அது போனதும் ஒரு வரி பாடினாள். நிறுத்தினாள். அடுத்த வரி. மறுபடி நிறுத்தினாள்.

"ஏன் நின்னு நின்னு பாடுற?"

"ஜனங்க திருப்பிப் பாட வேணாமா?"

"இங்க ஏது ஜனம்? நீயும் நானுந்தான்."

சரியென்று தலையாட்டிவிட்டு மறுபடியும் அப்படியே பாடினாள். கோவில் பழக்கம் விடவில்லை. அந்த இடைவெளிகளில் சாஃப்ட்வேரில் இருந்த கோரஸ் குரல்களைப் போட்டுப் பார்த்தேன். 'ஆ' என்பதைத் தவிர அவற்றுக்கு ஒரு வார்த்தையும் தெரியவில்லை. அலுத்துப்போய், இடைவெளிகளை எல்லாம் வெட்டி வரிகளை ஒட்டினேன். வயலின், புல்லாங்குழல், தபேலா என்று கீபோர்டிலேயே வாசித்து நிரப்பினேன். பாட்டு கச்சிதமாக வந்தது. எனக்கே கொஞ்சம் பெருமைதான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குரல் திரும்பவில்லை. மாதங்கள் ஆகியும் கரகரப்புதான். மேலே போனால் வெறும் காற்று. கோவிலில் முதல் வரி எடுக்க வேறொரு பெண் வந்துவிட்டாள். இவள் பின்வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆறுதலாக இருக்கட்டுமே என்று அந்தப் பாட்டைப் போட்டேன். முதல் வரி முடிந்ததும் அவள் வாயைத் திறந்தாள். கரகரத்த குரலில் ஒரு சொல் வந்தது. அதற்குள் அடுத்த வரி தொடங்கிவிட்டது. அது முடிந்ததும் மறுபடி முயன்றாள். பிடிக்க முடியவில்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "ஆனா இனிமே நான் ஜனத்தோட ஜனமாத்தானே பாடணும்? அதுக்கு எடமே விடாம வெட்டிப்புட்டீங்களே."