பத்மாவதி அம்மாளின் இரண்டு பெட்டிகள்

பத்மாவதி அம்மாள் இறந்த செய்தியைக் கம்பவுண்டர் துரைதான் ஓரிக்கையில் என் வீட்டுக்குச் சைக்கிளில் வந்து சொன்னார். "அம்மா போயிட்டாங்கபா. மாரடைப்பாம்." உடனே திருப்பருத்திக்குன்றத்துக்குக் கிளம்பினேன். அம்மாளின் வீட்டில், இருந்ததிலேயே பெரிய மாலையைப் போட்டுவிட்டு, கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டு நின்றார் ஒருவர். எங்கள் ஆஸ்பத்திரிக்கு இரத்தம் விற்கிற ஆட்களைப் பிடித்து வரும் தரகர் அவர். "தங்கமான மனுஷி. யாரையும் கடிஞ்சு ஒரு வார்த்தை சொன்னதில்லே" என்றார்.

அந்த ஆளையே "சீ, வெளியே போய்யா" என்று துரத்தியவர் அம்மாள். சாவு வீட்டில் சண்டை வேண்டாமென்று அடங்கினோம். இதை எழுதும்போது அடங்க வேண்டியதில்லை.

இரத்தப் பரிசோதனைப் பிரிவில் அம்மாள் டெக்னீஷியன். நான் பதிவுப் பிரிவு குமாஸ்தா. அவர் வருவதற்கு முன்பு இரத்தம் கொடுத்தவர் விவரமெல்லாம் துண்டுச் சீட்டுகளில் கிடந்தது. ஒரே ஆளின் பெயர் ஒரு சீட்டில் ஏகாம்பரம், இன்னொன்றில் ஏகாம்பர முதலி. வீடு மாறியிருந்தால் பழைய விலாசம் ஒன்றில், புதியது மற்றொன்றில். முதல் நாளே அவற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எச்சில் இலைகூட இதைவிடச் சுத்தமா இருக்கும்" என்றார்.

இரண்டு மரப்பெட்டிகள் செய்யச் சொன்னார். முதல் பெட்டியில் ஆளுக்கு ஒரே அட்டை: எண், பெயர், தெரு, இரத்த வகை. இரண்டாவதில், இரத்தம் கொடுத்த ஒவ்வொரு தடவைக்கும் ஓர் அட்டை. அதில் பெயர் கிடையாது, தேதியும் அந்த ஆளின் எண்ணும் மட்டும். "ஒரு சங்கதியை ஒரே இடத்துலதான் எழுதணும். ரெண்டு இடத்துல எழுதினா ஒண்ணு பொய்யாயிடும்" என்பார். எந்த வகை இரத்தம் கேட்டாலும் முதல் பெட்டியில் ஆளைப் பிடித்து, எண்ணை வைத்து இரண்டாவதில் கடைசித் தேதியைப் பார்த்து, யாரைக் கூப்பிடலாம் என்று சொல்லிவிடுவார்.

ஒரு நாள் பிற்பகல், பிரசவத்தில் இரத்தப்போக்கு நிற்காத ஒரு பெண்ணுக்கு இரத்தம் கேட்டார்கள். அவசரத்தில் நான் இரண்டாவது பெட்டியில் இருந்த எண்களை மட்டும் எடுத்து, முதல் பெட்டியில் வகை பார்த்தேன். கிடைப்பதற்கு அரிய நெகட்டிவ் வகை. நான்கு அட்டைகள் வந்தன. நான்கு விலாசத்துக்கும் ஆள் அனுப்பினோம். மூன்று வீட்டில் அப்படி யாருமே இல்லை. நான்காவது, பஸ் ஸ்டாண்டில் கைவண்டி இழுக்கும் முனுசாமி. தரகர்தான் தோளைப் பிடித்துக் கூட்டிவந்தார். அம்மாள் அவன் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். உள்ளே துளி சிவப்பு இல்லை. நகமெல்லாம் வெளுத்திருந்தது.

"உன் பேர் என்னப்பா?"

அவன் தரகரைப் பார்த்தான். பிறகு கேட்டான்: "எந்தப் பேரும்மா வேணும்?"

அந்த நான்கு பேரும் அவன் ஒருவனே. ஒரு பெயரில் கொடுத்த இரத்தம் ஊறுவதற்குள் அடுத்த பெயரில் கூட்டிவந்திருக்கிறார்கள். அம்மாளுக்கு உண்மையாகவே குமட்டிவிட்டது, தொட்டியடிக்கு ஓடினார். திரும்பி வந்துதான் தரகரைத் துரத்தினார். முனுசாமிக்குப் பால் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

டாக்டர் அவசரப்பட்டார். "வேற யாரும் இல்லியா?" இரண்டாவது பெட்டி முழுதும் புரட்டியாயிற்று என்றேன். "அதுல இருக்கறவங்க ஏற்கெனவே கொடுத்தவங்கப்பா" என்றார் அம்மாள். "பரிசோதனை பண்ணிட்டு ஒரு தடவைகூடக் கூப்பிடாதவங்க அதுல எப்படி இருப்பாங்க? முதல் பெட்டியில இந்த வகை எண்ணெல்லாம் எடு. ரெண்டாவதுல இல்லாத எண் எதுன்னு பாரு."

ஓர் எண் தனித்து நின்றது. பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிற அலமேலு. தங்கையின் பிரசவத்தின்போது பரிசோதித்துக்கொண்டவள். பெண் என்பதால் யாருமே கூப்பிடவில்லை. தறியிலிருந்து எழுந்தபடியே, புடவையில் பட்டு இழை ஒட்டியிருக்க வந்தாள். "நான்தான் தரேன்னு அப்பவே சொன்னேனே. ஏன் கூப்பிடலே?" என்று சண்டை பிடித்துவிட்டுப் படுத்தாள். தாய் பிழைத்தாள். பொழுது சாய்ந்தபின் சாப்பிடாத சமணக் குடும்பம் அம்மாளுடையது. அன்று பட்டினியாகவே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் முனுசாமியின் நான்கு எண்களையும் ஒன்றாக்கி, 'கூப்பிடக் கூடாது' என்று சிவப்பு மையில் எழுதி, தரகரைப் பற்றி மேலிடத்துக்கும் புகார் கொடுத்தார். அதற்குக் கிடைத்த பதில்தான் இன்றைக்கும் எனக்கு நாறுகிறது. ஒரே ஆளுக்கு நான்கு அட்டை போட்டது பிரிவின் தவறாம். பிரிவுக்குப் பொறுப்பு அம்மாளாம். காசநோய் வார்டுக்கு மாற்றினார்கள். அவர் போன கையோடு அந்தச் சிவப்பு அட்டையைக் கிழித்துவிட்டு நான்கு பெயர்களையும் திரும்ப எழுதினார்கள். தரகர் மறுபடி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். அந்த மழைக்காலத்திலேயே முனுசாமி வராந்தாவில் விழுந்து செத்தான். சாவு ஒரு பெயரில்தான் பதிவாயிற்று. மற்ற மூன்று பெயர்களில் வேறு யாரோ தொடர்ந்து இரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அதைச் சொன்னபோது அம்மாள் அழவில்லை. "நாலு பெட்டி வெச்சாலும், அதுல கை வைக்கிறவன் கை அழுக்கா இருந்தா என்னப்பா பண்றது?" என்றார். பிறகு, "அதுக்காக நாமளும் கையைக் கழுவாம இருக்க முடியுமா" என்று எழுந்து வார்டுக்குள் போனார்.

இரங்கல் கூட்டம் ஒன்று நடத்தப்போகிறார்களாம். 'பொறுமையின் சிகரம்' என்று நோட்டீஸ் அச்சாகிவிட்டது. அம்மாளுக்குப் பொறுமையே கிடையாது. அழுகியதைக் கண்டால் முகம் சுளிப்பார்; யார் எதிரில் நின்றாலும் அந்தச் சுளிப்பை மறைக்க மாட்டார். அவரிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது அந்த ஒன்றைத்தான். மூக்குக்கு எதுவும் பழகிப்போகும் என்கிறார்கள். எனக்கு இன்னும் பழகவில்லை.