மஞ்சள் நூல் சுற்றிய ஊக்கு

எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண்களின் தாலிக்கொடியில் தாலியோடு நாலைந்து ஊக்குகளும் தொங்கும். சேலை மடிப்புக்கு ஒன்று, ஜாக்கெட் கொக்கி அறுந்தால் ஒன்று, காலில் முள் தைத்தால் எடுக்க ஒன்று. திருப்பூருக்குப் பிழைக்க வந்தபோது அவையும் கூடவே வந்தன. பனியன் கம்பெனி வாசலில் அத்தனையையும் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நாங்கள் தைத்தது கைக்குழந்தைகள் போடும் உடுப்பு. செக்யூரிட்டி அக்கா டப்பாவை நீட்டுவார், போடுவோம். ஆனால் ஆளுக்கு ஒன்றை ஒளித்து வைத்துக்கொள்வோம். அது அவருக்கும் தெரியும், சூப்பர்வைசருக்கும் தெரியும். என் ஊக்கு வேறு யாருடையதோடும் கலந்துவிடக் கூடாதென்று மஞ்சள் நூல் சுற்றி வைத்திருந்தேன்.

என் பக்கத்து மெஷினில் ஒடிசாவிலிருந்து வந்த பெண். தமிழில் அவளுக்குச் சுத்தமாக வந்த ஒரே சொல் ‘அக்கா’. அன்று அவள் சுடிதாரில் அக்குள் பக்கம் கைக்கடியில் தையல் பிரிந்துவிட்டது. ஆளுக்கொரு தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தும், உடுத்தியிருக்கும் துணியைத் தைக்க முடியாது பாருங்கள். சுற்றிலும் ஆண்கள். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பொறுக்கவில்லை. ஒளித்து வைத்திருந்த ஊக்கை எடுத்து அவளுக்குக் குத்திவிட்டேன். என் தங்கச்சியாக இருந்தால் செய்ய மாட்டேனா?

சாயங்காலம் பேக்கிங்கில், உடுப்புக்குள் இரும்பு இருக்கிறதா என்று பார்க்கும் மெஷின் அலறியது. ஒரு சின்ன உடுப்புக்குள் மஞ்சள் நூல் சுற்றிய ஊக்கு, வாயைத் திறந்தபடி கிடந்தது.

“யாரோடதுங்க இது?” என்று சூப்பர்வைசர் அதை எங்கள் பக்கம் கொண்டுவந்து தூக்கிக் காட்டினாள்.

அந்தப் பெண் தன் கைக்கடியைத் தொட்டுப் பார்த்தாள். ஊக்கு அங்கே இல்லை. அவள் தங்கியிருந்தது கம்பெனி ஹாஸ்டலில். வேலை போனால் படுக்கிற இடமும் போய்விடும். எனக்கு வாடகைக்கென்றாலும் ஒரு வீடு இருக்கிறது, சாயப்பட்டறைக்குப் போகும் புருஷன் இருக்கிறார்.

“என்னோடதுதான்” என்றேன்.

மேனேஜர் கூப்பிட்டார். “நாளைலிருந்து நீங்க வர வேண்டாமுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க.” ஆளைத் துரத்தும்போதும் ‘ங்க’ போட்டுத் துரத்த இந்த ஊர்க்காரர்களால்தான் முடியும்.

“எப்படி விழுந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டீகளா?” என்று நான் சத்தம் போட்டேன்.

“கொழந்தத் துணியில கெடந்துச்சுங்க. இதுக்கு மேல என்னத்தக் கேக்கறதுங்க?”

கேட்டிருந்தாலும் நான் பொய்தான் சொல்லியிருப்பேன். ஆனாலும் கேட்டிருக்க வேண்டும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எங்கள் லைன் வீட்டில் அடுத்த போர்ஷன்காரர் யூனியனில் இருக்கிறவர். விஷயம் தெரிந்ததும் வந்தார். “மெமோ இல்ல, விசாரணை இல்ல. இது செல்லாதுங்க. நான் எழுதித் தர்றனுங்க. நடந்தத மட்டும் ஒண்ணு விடாமச் சொல்லோணும்.”

அங்கேதான் இடித்தது. ஒன்று விடாமல் சொன்னால் அவள் பெயரும் வெளியே வரும். “அப்புறம் பாத்துக்கலாம்ணே” என்று சொல்லி அனுப்பினேன். என் வீட்டுக்காரருக்கு என்மேல் ஒரே எரிச்சல்.

சும்மா உட்கார்ந்திருந்த நாட்களில் அந்த உடுப்பே கண்ணுக்குள் நின்றது. இரண்டு கையையும் சேர்த்து விரித்தால் அவ்வளவுதான் இருக்கும். என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது அவன் வயிறு எவ்வளவு மெத்தென்று இருந்தது! அதில் அந்த ஊக்கு ஏறியிருந்தால்? நினைத்து அழுதிருக்கிறேன். என்னை அனுப்பியது சரிதான் என்று ஒரு நாள் தோன்றும். தெரிந்தே கண்ணை மூடிக்கொண்டவர்கள் எல்லாரும் உள்ளே இருக்க நான் மட்டும் வெளியே நிற்பது என்ன நியாயம் என்று மறுநாள் தோன்றும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் அவள் பையும் கையுமாக நின்றாள்.

“அக்கா, நான் சார்கிட்ட சொல்லிட்டேன். சேஃப்டி பின் விழுந்தது எனக்கிட்ட. அக்கா தப்பு இல்ல.”

“அதுக்கு என்ன சொன்னாக?”

அவள் பையைக் காட்டினாள்.

“அடிப் பைத்தியக்காரி! உன்னயக் காப்பாத்தத்தானடி நான் வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன்!”

நான் திட்டத் திட்ட அவள் அழுதாள். அவளைப் பார்த்து நானும் அழுதேன். என் வீட்டுக்காரர் டேபிள் ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைத்தார். தட்டில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினேன். அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

மறைக்க ஒன்றும் இல்லாததால் யூனியன்காரர் எங்கள் இருவருக்கும் எழுதிப் போட்டார். அது இழுத்துக்கொண்டே கிடக்கிறது. ஜெயித்துவிடலாம் என்கிறார். ஜெயித்தால் அந்த மேனேஜர் முன்னால் போய் நின்று, கேட்காமல் விட்ட அந்த ஒரு வார்த்தையை இப்போதாவது கேளுங்கள் என்று சொல்ல வேண்டும்.

இதற்கிடையில் பெருமாநல்லூரில் ஒரு கம்பெனியில் இருவருக்கும் வேலை கிடைத்தது. அங்கேயும் குழந்தை உடுப்புதான். முதல் நாள் வாசலில் நீட்டிய டப்பாவில் ஊக்குகளைப் போட்டுவிட்டு நடந்தேன். அவள் வழியை மறித்து என் முன்னால் உள்ளங்கையை நீட்டினாள்.

“அக்கா, பின்.”

“எல்லாம் போட்டுட்டேன்டி.”

கை அப்படியே இருந்தது. பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. முந்தானைக்குள் கைவிட்டு, ஒளித்து வைத்திருந்த ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தேன். அதை டப்பாவில் போட்டுவிட்டு வந்தவள், சிரித்துக்கொண்டே கையைத் தூக்கிக் காட்டினாள். கைக்கடியில் அழுத்தமாக இரட்டைத் தையல் போட்டிருந்தாள்.