மூன்று பள்ளிகளின் விவரம்

எண்பதுகளின் நடுவில், குமாரபாளையத்தில் விசைத்தறிக் கூடங்களுக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அந்த வரிசையில் பத்தாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான். கடிதம், மருந்துச் சீட்டு எல்லாம் என்னிடம்தான் வரும்.

ஒரு மே மாதம், எதிர்வீட்டு அக்கா தன் ஐந்து வயது மகளை எங்கே சேர்ப்பது என்று கேட்டார். கணவரை இழந்தவர், பகலெல்லாம் தறி ஓட்டுவார். என் மகனுக்காக நானே குழம்பிக் கிடந்த நேரம் அது. பக்கத்திலிருந்த மூன்று பள்ளிகளுக்கும் அலைந்து விசாரித்து, ஒரு தாள் நிறைய எழுதி வைத்திருந்தேன். ஆங்கில வழியா, அங்கீகாரம் உண்டா, டீச்சர்கள் என்ன படித்தவர்கள் என்று ஒன்று விடாமல். முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். புரிந்துவிட்டது என்று நினைத்தேன். கடைசியில் அவர் கேட்டது ஒன்றுதான்.

"உங்க பையனை எங்கீங்க சேக்கறீங்க?"

சொன்னேன். அதே ஆங்கிலப் பள்ளியில் மகளைச் சேர்த்துவிட்டார்.

பள்ளி திறக்கும் முன்பே என் மகனுக்கு அம்மை போட்டுவிட்டது. வாசலில் வேப்பிலை கட்டியிருந்தோம். யாரும் உள்ளே வருவதில்லை, நானும் வெளியே போவதில்லை. பள்ளி திறந்த முதல் நாள் மதியம் ஜன்னல் வழியாகப் பார்த்தால், எதிரே பூட்டிய கதவடியில் அக்காவின் மகள் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். சிறு வகுப்புகளை அந்தப் பள்ளியில் பன்னிரண்டரைக்கே விட்டுவிடுவார்கள். மதியச் சாப்பாடும் கிடையாது. என் தாளில் இரண்டுமே நடுவில் எங்கோ இருந்தன. வீட்டிலேயே இருக்கும் எனக்கு அவை பெரிதாகத் தெரியவில்லை.

வரிசையில் மற்ற எல்லோரும் தறிக்குப் போயிருந்தார்கள். அவளை உள்ளே அழைக்க முடியாது. ஒரு டம்ளர் தண்ணீர்கூட எங்கள் வீட்டிலிருந்து கொடுக்க முடியாது. பொழுது சாயும் வரை அவளும் உட்கார்ந்திருந்தாள், நானும் ஜன்னலை விட்டு நகரவில்லை.

அக்கா வந்ததும் ஜன்னலிலிருந்தே மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "படிச்சவிங்க பாத்து வெச்சது நல்லாத்தான் இருக்கும்னு உட்டுட்டனுங்க அம்மிணி" என்றார். அது இன்னும் சுட்டது. உங்களுக்கு என்னதான் தெரிய வேண்டியிருந்தது என்று அப்போதுதான் கேட்டேன்.

"சோறு போடுவாங்களா, எத்தன மணிக்கு உடுவாங்க, என்னையாட்ட ஆளு போயி ஒண்ணு கேட்டா நின்னு பதில் சொல்லுவாங்களா. அவ்வளவுதானுங்க."

மறுநாள் அரை நாள் தறியை நிறுத்திவிட்டு, தறிக்கூடத்துக்கு அடுத்த தெருவிலிருந்த அரசுப் பள்ளியில் மகளைச் சேர்த்தார். அங்கே சத்துணவு உண்டு. நாலு மணிக்கு மணியடித்ததும் அவள் நேராக அம்மாவிடம் போய்விடுவாள்.

என் மகனுக்கு நான் தேர்ந்தெடுத்தது சரிதானா என்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால் நின்று பதில் சொல்வார்களா என்ற அக்காவின் மூன்றாவது கேள்வியை எந்தப் பள்ளியிலும் நான் கேட்கவே இல்லை என்பதும், அதைக் கேட்கத் தேவையில்லாத இடத்தில் நான் இருந்தேன் என்பதும் இன்னும் மனதை உறுத்திக்கொண்டே இருக்கின்றன.